ஃபோர்க்கைக் கழற்றாமல் போட்ட கோடு

எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கம் மலர் போடுகிறது. "பணிக்கால இனிய நினைவுகள்" என்று ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். போன வாரம் செயலாளர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். "நீங்க துறைமுகப் பட்டறைக்கு வர்றதுக்கு முன்னாடி சைக்கிள் கடையில இருந்தீங்களாமே சார். பழைய சைக்கிளை எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு ஜாலியா எழுதிக் குடுங்க. எனக்கே உபயோகமா இருக்கும். பேப்பர்ல விளம்பரம் பார்த்து ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன். விலை நியாயமான்னு தெரியல" என்றார்.

ஜாலியா எழுத வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு. அவர் போன பிறகு என் சம்சாரம், "கேட்டதுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன், எதுக்கு மூஞ்சியைத் தூக்கறீங்க" என்றாள். சரி, எழுதுகிறேன். இனிக்காவிட்டால் மலரில் போடாமல் விட்டுவிடட்டும்.

நான் ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த சைக்கிள் கடையில் சேர்ந்தது சண்டைக் காலத்தில். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறிய சமயம். கட்டில், பீரோ, சைக்கிள் எல்லாவற்றையும் ஜனங்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் முதலாளி துரைக்கண்ணு மேஸ்திரி நினைத்திருந்தால் அந்த இரண்டு மாதத்தில் ஐம்பது சைக்கிள் வாங்கிப் போட்டிருக்கலாம். அவர் வாங்கவில்லை. கிளார்க்கு வேலை பார்த்த ஒரு பெரியவர் நல்ல வண்டியைக் கொண்டுவந்து நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள் என்று நின்றபோது, "பயத்துல வித்துட்டுப் போவாத சாமி. ஒரு மூலையில நிக்கட்டும், திரும்பி வந்து எடுத்துக்கோ" என்று சொல்லி, வண்டியைக் கடையிலேயே நிறுத்திவைத்தார். அந்தப் பெரியவர் ஒரு வருஷம் கழித்து வந்து ஓட்டிக்கொண்டு போனார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேஸ்திரி பிறவியிலேயே அயோக்கியர் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

முதல் நான்கு வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், பஞ்சர் ஒட்டினேன், கோணல் சக்கரத்தை நிமிர்த்தினேன், முழங்கையில் அடி வாங்கினேன். அந்தக் காலத்தைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரத்தில் யார் பழைய சைக்கிள் வாங்கினாலும் விற்றாலும் இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை எங்கள் கடைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். மேஸ்திரி பார்ப்பார். பார்த்து முடித்துக் காதில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுத்து, சீட்டுக்குக் கீழே போகிற குழாயில் குறி போடுவார். ஒரு கோடு என்றால் சொன்ன விலைக்கு வாங்கலாம். இரண்டு கோடு என்றால் விலையைக் குறைத்து வாங்கு. பெருக்கல் குறி போட்டால் அந்த வண்டியைத் தொடாதே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். குறி விழுந்த பிறகு யாரும் பேசக் கூடாது. பேசினவர்களை நான் பார்த்ததும் இல்லை. ஒருமுறை மண்டி வைத்திருந்த ஒரு பெரிய வியாபாரி தன் வண்டியைத் தன்னிடம் மூட்டை தூக்குகிற ஆளின் தலையில் கட்டப் பார்த்தார். மேஸ்திரி பெருக்கல் போட்டார். வியாபாரி அதோடு கடைப் பக்கம் வரவில்லை. மேஸ்திரி அதைப் பற்றி அப்புறம் பேசவும் இல்லை.

அவர் பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்வார். கையில் எண்ணெய் இருந்தால் விரிசல் விரலுக்குத் தெரியாது என்பார். பெயிண்டையும் மணியையும் சீட்டையும் பார்க்கவே மாட்டார். "அதெல்லாம் மூணு நாள் வேல. முகத்துக்குப் பவுடர் போட்டா மூட்டு வலி போயிடுமா" என்பார். வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஹாண்டில் நுழைகிற தலைக்குழாய்க்குக் கீழே, உள்பக்கமாக நகத்தை வைத்து மெதுவாக இழுப்பார். எங்காவது முட்டி மோதின வண்டியென்றால் அங்கே இரும்பு லேசாகச் சுருங்கியிருக்கும். எத்தனை பூச்சு பெயிண்ட் அடித்தாலும் நகம் அங்கே தடுக்கும். முன் பல்சக்கரத்தில் ஏறியிருக்கும் செயினை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுப்பார். பல்லை விட்டு எழும்பினால் செயின் செத்துவிட்டது என்று அர்த்தம். பெடல் கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுவார். ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்பார்.

எங்கள் பக்கம் கடற்கரை. உப்புக்காற்று இரும்பை உள்ளேயிருந்து தின்னும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பொரியாகப் போயிருக்கும். அதனால் சீட்டைத் தண்டோடு உருவி எடுத்து, துணி சுற்றின கம்பியைக் குழாய்க்குள் விட்டு இழுப்பார். துணியில் காவிப்பொடி எவ்வளவு வருகிறது என்று உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். மீன் கூடை கட்டின வண்டியை மோந்தே சொல்லிவிடுவார்.

கடைசியில்தான் ஃபோர்க். முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறதே, அந்தக் கவை. அதன் கழுத்து தலைக்குழாய்க்குள் மறைந்திருக்கும். கழற்றாமல் எந்தக் கடவுளாலும் பார்க்க முடியாது. வண்டியில் வேறு எது உடைந்தாலும் ஆள் கீழே இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். ஃபோர்க் கழுத்து உடைந்தால் இறங்குவதற்கு நேரம் இருக்காது, முகம் தரையில் இருக்கும். அதைக் கழற்ற ஹாண்டிலை எடுக்க வேண்டும், நட்டுகளை எடுக்க வேண்டும், பால்ரஸ் குண்டுகள் தரையில் உருளாமல் துணி விரிக்க வேண்டும். அரை மணி நேர வேலை. கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் மேஸ்திரி அதைச் செய்யாமல் விட மாட்டார். "ஃபோர்க்கக் கழட்ன கைதான் கோடு போடணும்" என்பது அவர் எங்களுக்கு வைத்த சட்டம். அவர் வைத்த சட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் போன பிறகு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஆபீஸ் சைக்கிள்களைப் பழுது பார்க்கிற வேலை எங்கள் கடைக்கு வந்தது. மாதம் தவறாமல் வருகிற வேலை. அது யார் கையில் இருந்தது என்றால், அந்தத் தொழிற்சாலையின் டைம்கீப்பர் கையில். கேட்டில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வந்தான் என்று எழுதுகிறவர். அவர் கையெழுத்துப் போட்டால் அந்த வேலை நமக்கு, இல்லையென்றால் அடுத்த கடைக்கு. அவர் கடைக்கு வந்தால் மேஸ்திரி எழுந்து நிற்க ஆரம்பித்தார். எனக்கு அது புதிதாக இருந்தது. அவர் யாருக்கும் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

அதே தொழிற்சாலையில் டெம்பரரியாக வேலை பார்த்தவன் ஏகாம்பரம். வியாசர்பாடிக்காரன், என் வயசு. அவனுடைய ஓட்டை வண்டியைப் பல வருஷமாக நான்தான் பழுது பார்த்துக் கொடுத்தேன். அதனால் சிநேகம். அவனுக்கு இருந்த ஒரே கஷ்டம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். அது மூடினால் கூட்ஸ் வண்டி நகர்வதற்குள் தாடி வளர்ந்துவிடும். ஆட்கள் கேட்டுக்குக் கீழே குனிந்து போய்விடுவார்கள். இவன் வண்டியோ பழைய இரும்பு. தூக்கிக்கொண்டு போக முடியாது, விட்டுவிட்டும் போக முடியாது. சங்கு ஊதிப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் அரை நாள் சம்பளம் போச்சு. டெம்பரரி ஆள் ஒரே மாதத்தில் மூன்று தடவை லேட்டாக வந்தால் ஃபேக்டரி வாசல் போர்டில் இருந்து அவன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனையே எடுத்துவிடுவார்கள். டோக்கன் இல்லையென்றால் வேலை இல்லை. இரண்டு வருஷம் டோக்கன் போகாமல் பார்த்துக்கொண்டால் பர்மனென்ட் ஆவான். ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டான்.

"கஜா, அந்த கேட்டு ஒரு நாளு என் சோத்துல மண்ணு போடப் போவுது பாரு" என்று கடையில் வந்து புலம்புவான்.

ஒரு மாதம் இரண்டு தடவை லேட்டாகிவிட்டது. இரண்டாவது தடவை டைம்கீப்பர் அவனுடைய டோக்கனைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே, "உன் மேல தப்பில்லப்பா, உன் வண்டி மேலதான் தப்பு. என்கிட்ட ஒரு வண்டி இருக்கு. ஒரு கையால தூக்கிடலாம். யோசிச்சுச் சொல்லு" என்றாராம். ஏகாம்பரம் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அவன் முகத்தில் சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது எழுதும்போது பல்லைக் கடிக்கிறேன். லேட் போடுகிறவனே லேட்டாகாமல் இருக்க வண்டி விற்கிறான். அதை வேண்டாம் என்று சொல்லுகிற தைரியம் எந்த டெம்பரரிக்கு வரும்? செயலாளர் என்னிடம் விலை நியாயமா என்று கேட்டாரே, அவருக்குச் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்ல முடியாத ஆளிடம் விற்கிற பொருளுக்கு நியாய விலை என்று ஒன்று கிடையவே கிடையாது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செயினும் ஸ்போக்கும் அப்புறம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் கடையில் இருந்தோம். மேஸ்திரி, நான், டைம்கீப்பர். ஏகாம்பரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அப்படி ஒரு வண்டியை நான் தொட்டதில்லை. ரேஸ் விடுகிற வண்டி. ஆட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹாண்டில், விரல் தடிமனில் டயர், மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது. தொழிற்சாலையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கப்பல் ஏறும்போது டைம்கீப்பரிடம் விட்டுவிட்டுப் போனதாம்.

"கஜா, நீ பாரு" என்றார் மேஸ்திரி.

கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். இரண்டு சக்கரமும் நூல் பிடித்த மாதிரி நின்றன. தலைக்குழாய்க்குக் கீழே நகம் தடுக்கவில்லை. செயின் அசையவில்லை. சீட்டை உருவிக் கம்பி விட்டேன், துணி சுத்தமாக வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. கடைசியில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை முன்னும் பின்னும் ஆட்டினேன். ஒரு இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மறுபடி ஆட்டினேன். மறுபடியும் அதே இடத்தில் 'டிக்'.

ஸ்பேனரை எடுத்தேன்.

"டேய், வெய்யி" என்றார் மேஸ்திரி.

"ஃபோர்க்குல ஒரு சத்தம் வருது மேஸ்திரி."

"பால்ரஸ் காஞ்சி கீது. எண்ண வுட்டா போயிடும்."

"ஒரு தபா கழட்டிப் பாத்துட்டா..."

"சார் வூட்டு வண்டிடா அது."

டைம்கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "தம்பிக்கு என் மேல நம்பிக்கை இல்ல போலிருக்கு மேஸ்திரி" என்றார். மேஸ்திரி அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. காதில் இருந்த சாக்பீஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீயே போடு" என்றார்.

பத்து வருஷம் அந்தக் கடையில் இருந்தேன். அந்தச் சாக்பீஸை அவர் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. ஒரு நாள் என் கையில் கொடுப்பார் என்று நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா. அது வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. முட்டாள். ஏன் இன்றைக்கு, ஏன் இந்த வண்டிக்கு, என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்த மனுஷன் தன் கையைக் காப்பாற்றிக்கொண்டு என் கையை நீட்டுகிறான் என்று புரிந்திருக்கும்.

ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்து நின்றான். "கஜா, நீ சொல்லு நைனா. மேஸ்திரிய நான் கேக்கல. நீ சொன்னா எடுத்துக்கறேன்" என்றான்.

"எடுத்துக்கோ ஏகாம்பரம். நல்ல வண்டி" என்றேன்.

சீட்டுக் குழாயில் ஒரு கோடு போட்டேன். நேராக, அழுத்தமாகப் போட்டேன்.

ஏகாம்பரம் தன் பழைய வண்டியையும், சீட்டு கட்டி எடுத்த பணத்தையும் சேர்த்துக் கொடுத்தான். டைம்கீப்பர் கேட்ட விலை புது வண்டி விலையில் பாதிகூட இல்லை. ஃபோர்க் முழுசாக இருந்திருந்தால் அது கொள்ளை மலிவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு வந்து காட்டினான். "கேட்டு மூடிகினு இருந்தா தோள்ல மாட்டிகினு குனிஞ்சி பூந்து வந்துடறேன் கஜா. டைம்கீப்பரே என்னப் பாத்து சிரிக்கறாரு. இந்த வாரம் ஒரு லேட்டு இல்ல" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். அந்த 'டிக்' என் காதில் இருந்துகொண்டுதான் இருந்தது. "ஒரு அரை மணி நேரம் வண்டியைக் குடு, கழட்டிப் பாத்துடறேன்" என்று சொல்ல வாய் வரை வந்தது. கோடு போட்ட பிறகு கழற்றினால் நம் கோட்டுக்கு என்ன மரியாதை என்று விழுங்கிவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்றாவது வாரம். கேட்டுக்குக் கீழே குனிந்து தாண்டி வந்து, அந்தப் பக்கம் ரோட்டில் ஏறி மிதித்திருக்கிறான். சங்கு ஊத ஐந்து நிமிஷம்தான் இருந்ததாம். ஃபோர்க் கழுத்து முறிந்து முன் சக்கரம் தனியாகப் போய்விட்டது. முகத்தைக் காப்பாற்ற வலது கையை ஊன்றியிருக்கிறான். மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கோணலாகக் கூடியது. அந்தக் கையால் ஒரு ஸ்பேனரைக்கூடப் பிடிக்க முடியாது. சொல்லாமல் லீவு எடுத்தான் என்று ஆறாம் நாள் டோக்கனை எடுத்துவிட்டார்கள். எடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏகாம்பரத்தின் சம்சாரம் அஞ்சலை அந்த உடைந்த வண்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினாள். அவள் முதலில் போனது டைம்கீப்பரிடம். "கடையில பாஸ் பண்ணித்தானேம்மா வாங்கினான். கோடு இருக்குதே பாரு" என்று அவர், மங்கலாக இன்னும் அழியாமல் இருந்த என் கோட்டைக் காட்டிவிட்டார்.

நான் முறிந்த இடத்தைப் பார்த்தேன். முறிவில் மூன்றில் இரண்டு பங்கு காவி நிறம். பழைய விரிசல். மீதிதான் அன்றைக்குப் புதிதாக உடைந்து வெள்ளையாகப் பளபளத்தது. காவிக்கு நடுவில் மஞ்சளாகப் பித்தளைப் பற்று. யாரோ முன்பே ஒட்டவைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அவ்வளவு மலிவாகத் தள்ளிவிட்ட டைம்கீப்பருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அரை மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். துணியை விரித்து, குண்டுகளை எடுத்து, உருவிப் பார்த்திருந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அஞ்சலை மேஸ்திரியைப் பார்த்து, "உங்க கோட்ட நம்பித்தானேய்யா வாங்கனாரு" என்றாள்.

"கோடு போட்டது நானில்லம்மா. அதோ நிக்கறானே, அவன் கை" என்றார் மேஸ்திரி.

அவள் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். சாதாரணமாகக் கேட்டாள். "கழட்டிப் பாத்தியா?"

"இல்ல."

"பாக்காத பொருளுக்கு ஏன்யா கோடு போட்ட?"

மேஸ்திரி கழற்ற விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்திலேயே அவர் நின்றார், வாய் வரவில்லை. அவள் வண்டியை மறுபடி ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "நீங்கதானே கழட்டாதன்னீங்க" என்று கத்தினேன். கையில் இருந்த ஸ்பேனரை வீசி எறிந்தேன்.

மேஸ்திரி அந்த ஸ்பேனரைக் குனிந்து எடுத்து அதன் இடத்தில் மாட்டினார். "சொன்னேன். நான் சொன்னத நீ கேட்டியே, அதான் உன் தப்பு" என்றார்.

அந்த ஆள் அன்றைக்கும் என்னைவிடத் தொழில் தெரிந்தவர். அந்த 'டிக்' சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். எனக்கு முன்னாலேயே கேட்டிருக்கும். தொழில் தெரியாதவன் தப்புச் செய்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். இவருக்கு என்ன சொல்வது?

அதற்கப்புறம் நான் அந்தக் கடையில் ஆறு மாதம்கூட இல்லை. துறைமுகப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனு போட்டுவிட்டேன். மேஸ்திரி சாக்பீஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவர் அப்புறம் கோடு போடவும் இல்லை, என்னிடமே எல்லாம் விட்டுவிட்டார். நான் எந்த வண்டி வந்தாலும் முதலில் ஃபோர்க்கைத்தான் கழற்றினேன். விற்கிறவன் முறைத்தாலும் கழற்றினேன்.

பட்டறை உத்தரவு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு காலை நேரத்தில், ஏகாம்பரம் கடைக்கு வந்தான். அந்த வண்டியைத்தான் தள்ளிக்கொண்டு வந்தான். புதுப் பெயிண்ட். ஹாண்டிலை இடது கையால் பிடித்திருந்தான். வலது கை மணிக்கட்டில் கோணி ஒரு பக்கமாகத் தொங்கியது. அவனுக்குப் பின்னால், எதிர் டீக்கடையில், ஒருத்தன் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காசிமேட்டுல ஐஸ் தூக்கற ஆளு" என்றான் ஏகாம்பரம். "விலை பேசிட்டேன். உன் கோடு கீதான்னு கேக்கறான். போடு கஜா."

"ஃபோர்க்கு?"

"பித்தளையில பத்த வெச்சிட்டேன்."

நான் வண்டியை வாங்கி நிறுத்திவிட்டுத் துணியை விரித்தேன். ஸ்பேனரை எடுத்தேன். அவன் என் கையைப் பார்த்தான்.

"கழட்டப் போறியா?"

"ஆமா."

"எனக்குக் கழட்டலியே."

நான் கழற்றினேன். உருவிப் பார்த்தேன். பித்தளைக்கு மேல் பித்தளை. அதற்குப் பக்கத்திலேயே தலைமுடி மாதிரி புதிதாக ஒரு விரிசல் ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். அரை மணி நேரம் அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். டீக்கடையில் நின்றவன் இரண்டு டீ குடித்தான்.

"ஏகாம்பரம், இது தாங்காது. அவன் செத்துடுவான்" என்றேன்.

"தெரியும். எனக்கு வேற எதுவும் இல்ல கஜா. இத வித்தா அஞ்சலை ஒரு இட்லிக் கடை போடுவா. வேற எவன் கோடும் வேணாம், உன் கோடுதான் வோணும்னு அவன் நிக்கறான். நீ எனக்குப் போட்ட அதே கோடு. ஒண்ணே ஒண்ணு."

உலகத்தில் என்னிடம் கோடு கேட்க யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அது அவனுக்குத்தான். எனக்குத் தெரியும். டீக்கடையில் நின்றவனைப் பார்த்தேன். இருபது வயசுகூட இருக்காது.

பெருக்கல் குறி போட்டேன்.

டீக்கடையில் நின்றவன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். குறி விழுந்த பிறகு பேசுகிற வழக்கம் இல்லையே.

ஏகாம்பரம் எழுந்து குழாயில் இருந்த குறியையே பார்த்துக்கொண்டு நின்றான். "டைம்கீப்பருக்குக் கோடு. எனக்குப் பெருக்கலா?" என்றான்.

"ஏகாம்பரம், வா. இப்பவே ஃபேக்டரிக்குப் போவோம். நான் கழட்டாம கோடு போட்டேன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

"அந்த வாயி அன்னிக்கு எங்க போச்சி?" என்றான். சத்தம் போடவில்லை. "இன்னிக்கு ஒருத்தன காப்பாத்திட்ட. நல்லா இரு."

வண்டியைத் திருப்பினான். தள்ளிக்கொண்டு போவான் என்று நினைத்தேன். ஏறி உட்கார்ந்தான்.

"ஓட்டாத ஏகாம்பரம். இன்னா பண்ற நீ, எறங்கு."

"வூட்டுக்குப் போவணும். வேற எதுல போறது?"

ஒற்றைக் கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டு போனான். டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது முன் சக்கரம் ஒருமுறை குதித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அது தாண்டிப் போயிற்று. சந்து திரும்புகிற வரைக்கும் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று எனக்குத் தெரியாது. ராயபுரத்திலிருந்து வியாசர்பாடி ஒரு மணி நேர நடை. நான் போகவில்லை.